அப்பன் பேர் தெரியாத வண்டி

கிளிஃப் ஹெப்வொர்த் இந்த உலகத்தில் மதித்த மனிதர்களை எண்ண ஒரு கை போதும். அதிலும் விரல் மிஞ்சும். முப்பத்தாறு வருஷம் பல்சக்கரம் வெட்டும் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவர். மயிரிழை பிசகினாலும் சாமானைத் தூக்கிக் குப்பையில் போட்டுப் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை மனிதர்கள் மேல் காட்ட ஆரம்பித்தார். இங்கிலாந்தின் வடக்கே எங்கள் மிர்ஃபீல்டு ஊரில் அவரிடம் தேறியவர்கள் ரொம்பக் குறைச்சல்.

அவர் கராஜில் ஒரு கார் பாதி பிறந்து கிடந்தது. சதுரக் குழாய்களை அறுத்து, வெல்டிங் வைத்து, தன் கையாலேயே கட்டிய சட்டம். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்னால் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு வரும். வருஷத்தில் மழை பெய்யாத நாலு ஞாயிற்றுக்கிழமைக்காக இப்படி ஒரு காரைக் கட்டிக்கொண்டு கராஜிலேயே குடியிருக்கும் ஆண்கள் யார்க்‌ஷயரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. மனைவிமார் தடுப்பதில்லை. மனுஷன் வீட்டுக்குள் வந்து உயிரை வாங்காமல் இருந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். கிளிஃபின் மனைவி மேவிஸ் கராஜுக்குத் தனியாக ஒரு கெட்டிலே வாங்கிக் கொடுத்திருந்தாள்.

சட்டத்தைத்தான் வீட்டில் கட்டலாம். எஞ்சின், கியர் பெட்டி, ஸ்டியரிங், பின் அச்சு, பிரேக் எல்லாம் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். அந்தக் காருக்கு, கார் கட்டும் எங்கள் ஆட்கள் வைத்த பெயர் டோனர். கண் தானம், கிட்னி தானம் என்கிறோமே, அதே கணக்குதான். எல்லாம் ஒரே டோனரிலிருந்து வந்து, அதன் பதிவுப் புத்தகமும் கையில் இருந்தால், புதுக் காருக்கு டோனரின் வயதுப்படி கௌரவமான நம்பர் கிடைக்கும். அங்கொன்று இங்கொன்று என்று பொறுக்கிக் கட்டினாலோ, மூலம் சந்தேகம் என்றாலோ, நம்பருக்கு முன்னால் 'க்யூ' என்று ஓர் எழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இந்த வண்டி எங்கிருந்து வந்ததென்று அரசாங்கத்துக்கே தெரியாது என்று அதற்கு அர்த்தம்.

க்யூ வண்டிக்கு 'அப்பன் பேர் தெரியாத வண்டி' என்று பெயர் வைத்தவர் கிளிஃப்தான்.

வைத்தது கோலின் மிட்ஜ்லியின் காரைப் பார்த்து. கோலின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசாதவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தன் புதுக் காரை ஆசை ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்தான். கால்வாய் ஓரம் 'கறுப்புக் கிடா' என்று ஒரு பப். மாதத்தின் முதல் செவ்வாய் மாலை அங்கேதான் எங்கள் கார் கட்டுவோர் சங்கம் கூடும். வாசலில் கார்களை வரிசையாக நிறுத்துவோம். கிளிஃப் தன் பீர் கிளாஸோடு வெளியே வந்து, கோலினின் நம்பரைப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"வம்சம் உள்ள வண்டியெல்லாம் வாசல்ல நிக்கட்டும். அப்பன் பேர் தெரியாதது குப்பைத் தொட்டிக்குப் பின்னால போகட்டும்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கோலினும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காரை எடுத்துக் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நிறுத்தினான். அடுத்த மாதமும் அங்கேயே நிறுத்தினான். ஒன்பது வருஷமாக அங்கேதான் நிறுத்துகிறான். 'அட, முன்னால வாப்பா' என்று எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கிளிஃபுக்கு அப்போது சொந்தமாக ஓடுகிற வண்டியே கிடையாது என்பதையும் யாரும் கேட்கவில்லை. வெட்கக்கேடுதான்.

கிளிஃபின் சட்டம் முடிந்து டோனர் தேடும் கட்டம் வந்தபோது, கோலின் ஒரு செவ்வாய் மெதுவாக வாயைத் திறந்தான்.

"டோனர் எடுக்கும்போது கொஞ்சம் பாத்து எடுங்க, கிளிஃப். வெளியில தெரியாது."

"யாரு, நீ எனக்குச் சொல்றியா? க்யூ மகாராஜா எனக்கு வண்டி பாக்கக் கத்துக் குடுக்கறாரு, கேட்டுக்குங்கப்பா!" என்று கிளிஃப் மேஜையைத் தட்டினார். "எழுதி வச்சுக்குங்க எல்லாரும். என் வண்டியில அந்த எழுத்து ஏறுச்சுன்னா, கால்வாய்ப் பாலத்துலேர்ந்து இந்தப் பப் வாசல்வரைக்கும் நானே அதைத் தள்ளிட்டு வரேன்!"

பப்காரருக்கு வேறு வேலை இல்லை. சாக்பீஸை எடுத்துச் சின்னப் பலகையில் அதை அப்படியே எழுதி, தேதி போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். பலகையைப் பார்த்து கிளிஃபே கையைத் தட்டினார்.

தேடல் ஆரம்பித்தது. வேண்டியது சியரா என்ற மாடலில் ஒரு பழைய கார்: இரண்டு லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், பின் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தால் இன்னும் உத்தமம். காரைக் கட்டி இழுத்து வர டிரெய்லர் வேண்டும். எங்கள் சங்கத்தில் டிரெய்லர் வைத்திருந்தவன் கோலின் ஒருவன்தான். அதனால் தான் மதிக்காத ஆளின் வண்டியில் ஏறி, அவன் பெட்ரோலில், அவன் மனைவி கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு, கிளிஃப் ஊர் ஊராகப் போனார். சாண்ட்விச்சில் ஊறுகாய் அதிகம் என்று குறை வேறு.

டியூஸ்பரியில் ஒருத்தன் சியராவின் பின்னால் மேஜை அளவுக்கு ஒரு இறக்கை வைத்திருந்தான். "பறக்குமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிளிஃப் திரும்பி நடந்தார். ஹாலிஃபாக்ஸில் ஒரு பள்ளி ஆசிரியர், 'நல்ல நிலை' என்று விளம்பரம் கொடுத்தவர், எஞ்சினைத் திறந்து காட்டச் சொன்னால் வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். அது ஆட்டோமேட்டிக் கியர் வேறு. "இந்தாளு எம்பது பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறானாம். நாடு உருப்படும்!" என்று கிளிஃப் வழி நெடுகப் புலம்பினார். மலைமேல் ஒரு பண்ணையில் கிடைத்த சியராவில் கோழிகள் குடியிருந்தன. பின் சீட்டில் ஒன்று அடைகாத்தது. பண்ணைக்காரன் பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னான். குஞ்சு பொரித்ததும் எடுத்துக்கொள்ளலாமாம்.

"கோழிக்கு இருக்கற அறிவு இவனுக்கு இல்லை. அதுவாவது வண்டியில துரு இல்லாத எடமாப் பாத்து உக்காந்திருக்கு," என்றார் கிளிஃப்.

"எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு, கிளிஃப்."

"நீ ஓட்டுடா. உன்னைக் கேட்டேனா?"

ஆசெட்டில் திருமதி பிக்கர்ஸ்கில் வீட்டுக்குப் போனது பதினோராவது பயணம். எண்பது வயது அம்மாள். புருஷன் ஹெரால்டு போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். அவருடைய சியரா, நீல நிறம், கராஜுக்குள் போர்வை போர்த்தி நின்றது. பதிவுப் புத்தகம், பதினாலு வருஷத்து ரசீதுகள், சர்வீஸ் கணக்கு, எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில்.

கிழவி டீ போட்டுக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். "ஓட்டுவியா கண்ணு? பிரிச்சு எடுக்கறவனுக்கு நான் குடுக்க மாட்டேன். போன வாரம் ஒருத்தன் வந்தான். முழியப் பாத்தே தெரிஞ்சுபோச்சு. வாசலோட அனுப்பிட்டேன்."

"ஞாயித்துக்கிழமை தவறாம ஓட்டுவேன்மா. மழையில வெளியவே எடுக்க மாட்டேன்," என்றார் கிளிஃப், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை என்று உள்ளுக்குள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். கோலின் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹெரால்டு ஒவ்வொரு வாரமும் கழுவுவார். வண்டிக்குள்ள இருக்கற கம்பளத்த மட்டும் யாரையும் தொட விடமாட்டார், பாத்துக்கோ. வாங்கின வருஷமே பசை போட்டுத் தரையோட ஒட்டிட்டார். ஏங்கன்னு கேட்டா, சத்தம் வராம இருக்கும்பார்."

கம்பளத்துக்குப் பசை போடுகிறவன், வண்டியைக் கழுவிக் கழுவியே செத்தவன் என்று கிளிஃப் நினைத்துக்கொண்டார். கராஜில் படுத்து, கண்ணாடியும் டார்ச்சுமாக வேலையைத் தொடங்கினார். எஞ்சின் சுத்தம். கியர் பெட்டி சுத்தம். பின் சக்கரத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு மூச்சே நின்றுவிட்டது. டிஸ்க் பிரேக்!

கோலின் குனிந்து பார்த்தான். "இந்த மாடல்ல பின்னாடி டிஸ்க் வராதே?"

"ஹெரால்டு கேட்டு வாங்கிப் போட்டிருப்பாரு. ரசிகன்யா அந்தாளு!" இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் அதே ஆளை மனதுக்குள் மட்டம் தட்டினார், அதெல்லாம் அவருக்கு நினைவில் நிற்காது.

"கம்பளத்த ஒரு ஓரம் தூக்கிப் பாக்கலாம், கிளிஃப். டிரைவர் சீட்டுப் பக்கத்துல தரையில நம்பர் அடிச்சிருக்கும்ல. புத்தகத்தோட ஒத்துப் பாத்தா..."

"எஞ்சின் பக்கத்துல தகட்டுல அதே நம்பர் இருக்கு, பாத்துட்டேன். தரை எதுக்குடா எனக்கு? வண்டி உடம்பு நேரா பழைய இரும்புக் கடைக்குப் போகுது. அறுத்து எறியப்போற தரைய எவனாவது குனிஞ்சு பாப்பானா? இந்தப் புத்திக்குத்தான் உனக்கு க்யூ போட்டான்."

இது டோனர் தேடுகிறவர்களுக்கே உரிய வியாதி. மற்றவன் கார் வாங்கினால் முதலில் உடம்பைத் தட்டிப் பார்ப்பான். எங்கள் ஆட்கள் உடம்பைப் பார்ப்பதே இல்லை. அது துருப்பிடித்திருந்தால் விலை குறையும் என்று சந்தோஷப்படுவார்கள். கிளிஃப் அன்று எஞ்சினின் ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்தார், தரையைப் பார்க்கவில்லை. டிரெய்லரில் கட்டும்போது கிழவி பானெட்டை ஒரு தடவு தடவினாள். கோலின் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டான்.

மூன்று வாரத்தில் எல்லாம் கழற்றி ஆயிற்று. எஞ்சினும் அச்சும் கிளிஃபின் புதுச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்தன. ஒரு சனிக்கிழமை காலை, வெறும் உடம்பை இரும்புக் கடைக்கு ஏற்ற கோலின் டிரெய்லரோடு வந்தான். கம்பளத்தோடு கொடுத்தால் இரும்புக் கடைக்காரன் முகம் சுளிப்பான் என்று கிளிஃப் கத்தியால் கீறி அதை உரிக்கத் தொடங்கினார். பசை விடவே இல்லை. முட்டி போட்டு, திட்டிக்கொண்டே இழுத்தார். டர்ரென்று வந்தது.

முன் சீட்டுகள் இருந்த இடத்துக்குச் சற்று முன்னால், தரையில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கோடாக வெல்டிங் ஓடியது.

இரண்டு கார்கள். இடிபட்ட ஒன்றின் நல்ல முன்பாதியும், இடிபட்ட இன்னொன்றின் நல்ல பின்பாதியும். எவனோ அறுத்து ஒட்டி, பெயின்ட் அடித்து, ஹெரால்டு தலையில் கட்டியிருக்கிறான். கோலின் உட்கார்ந்து, தரையில் அடித்திருந்த நம்பரை விரலால் துடைத்துப் படித்தான். பிஸ்கட் டப்பாவில் இருந்த புத்தகத்தைக் கிளிஃப் படித்தார். நம்பர் ஒத்துப்போகவில்லை. பின் டிஸ்க் பிரேக் எங்கிருந்து வந்ததென்று இப்போது விளங்கிற்று. தான் ஏமாந்தது யார் கண்ணிலும் படக் கூடாதென்றுதான் ஹெரால்டு பசை போட்டார் என்பதும் விளங்கிற்று.

 மேவிஸ் கராஜ் கதவில் எட்டிப் பார்த்து, கிளிஃப் யாரையும் திட்டாமல் சும்மா இருப்பதைக் கண்டு பயந்து, உள்ளே போய்விட்டாள்.

கோலின்தான் எழுந்தான். "ஏத்தலாமா? பதினோரு மணிக்கு இரும்புக் கடைய மூடிடுவான். நசுக்கிட்டா அதோட சரி. தகட்டு நம்பரும் புத்தகமும் ஒத்துப்போகுது. பதிவு ஃபாரத்துல அதை எழுதுங்க, நல்ல நம்பர் வந்துடும். பாத்தது நாம ரெண்டு பேருதான்."

"நீ?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், கிளிஃப்."

அவன் சொல்ல மாட்டான். அதைத்தான் கிளிஃபால் பொறுக்க முடியவில்லை. ஏளனமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருக்கலாம். விலை கேட்டிருந்தால் காறித் துப்பியிருக்கலாம். இவன் நிஜமாகவே சொல்ல மாட்டான். முதல் செவ்வாய்தோறும் மேஜையின் அந்தக் கோடியில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். கிளிஃப் இந்தக் கோடியில் நல்ல நம்பர் பிளேட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நிற்கிறவனுடைய தயவில் வாசலில் நிற்க வேண்டும்.

"உன்னுது எப்படிடா க்யூ ஆச்சு?" என்று திடீரென்று கேட்டார்.

"என் டோனர்ல எஞ்சின் பாதியில போச்சு. ஒடைசல் கடையில வேற வாங்கிப் போட்டேன், ரசீது கெடையாது. கியர் பெட்டியும் பின்னால வேற மாத்த வேண்டியதாப் போச்சு. பழைய நம்பரையே எழுதியிருந்தா எவனுக்கும் தெரிஞ்சிருக்காது." கோலின் கையுறையை மாட்டிக்கொண்டான். "எழுதக் கை வரல."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

 முப்பத்தாறு வருஷம் மயிரிழை பிசகிய சாமானைத் தூக்கி எறிந்தவர் கிளிஃப். அந்த அளவுகோலை முதல் தடவையாகத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். கிழவியிடம் சாமர்த்தியமாகப் பேசியது, கம்பளத்துப் பேச்சைக் கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாதது, டிஸ்க் பிரேக்கைப் பார்த்து இளித்தது. டியூஸ்பரிக்காரனாவது இறக்கையை வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தான். தன்னைப்போல ஒரு மடையனை அந்தப் பதினோரு பயணத்திலும் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. சீ என்றிருந்தது.

"ஏத்தாதே. கெடக்கட்டும்," என்றார்.

"கிளிஃப்..."

"கெடக்கட்டும்கறேன்டா! படம் எடுக்கணும். தரை நம்பரையும் சேத்து எழுதணும். உன்கிட்ட பிச்சை வாங்கிப் பிளேட் மாட்ட எனக்குத் தலையெழுத்தா?"

நன்றி சொல்லத் தெரியாத மனுஷன். ஆனால் ஃபாரத்தை அன்று மத்தியானமே உட்கார்ந்து, உள்ளது உள்ளபடி எழுதினார். கோலின் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். ஆசெட்டுக் கிழவிக்கு ஒரு கடிதமும் எழுதினாராம், மேவிஸ் சொன்னாள். காரைப் பிரித்துவிட்டேன், மன்னிக்கவும் என்று இரண்டே வரி. கம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிழவி பதில் போடவில்லை.

அடுத்த வருஷம் மே மாதத்தில் கார் முடிந்து, சோதனை தேறி, நம்பர் வந்தது. முதல் எழுத்து க்யூ.

ஜூன் முதல் செவ்வாய் சாயங்காலம், நல்ல வெயில். கால்வாய்ப் பாலத்தின் மேல் கிளிஃப் தன் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பப் வாசலில் நாங்கள் முப்பது பேர் கிளாஸோடு நின்றோம். பப்காரர் பலகையைக் கழற்றி வெளியே கொண்டுவந்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார். அந்த ஆள் அதைத் துடைக்கவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பின்னால் நின்று தள்ளினால் வண்டி நேரே கால்வாய்க்குள் போய்விடும். யாராவது உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். கிளிஃப் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். எல்லாரும் கிளாஸுக்குள் பார்த்தோம். கடைசியில் கோலின் தன் கிளாஸை மதில்மேல் வைத்துவிட்டு நடந்து போய், காரில் ஏறி உட்கார்ந்தான்.

பாலத்திலிருந்து பப் முந்நூறு கஜம். பாதித் தூரம் இலேசான ஏற்றம். தள்ளுகிறவருக்கு அறுபத்திரண்டு வயது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள், பிறகு எல்லாரும் சிரித்தோம். சிரிக்கிறதில் எங்கள் சங்கத்தைக் குறை சொல்ல முடியாது. "வம்சம் எப்படிப்பா இருக்கு?" என்று ஒருத்தன் கத்தினான். கிளிஃப் தலையை நிமிர்த்தவில்லை. கறுப்புக் கிடாவின் வாசல் நாற்பது கஜத்தில் தெரிந்தது. அங்கே வரிசையில் ஒரு இடம் காலியாகவும் இருந்தது. அதில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் முடிந்தது, மானம் போனது போனதுதான், ஒரு கிளாஸ் பீரோடு ஆறிவிடும் என்று நினைத்துத் தோளைக் கொடுத்தார்.

வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது ஸ்டியரிங் இடது பக்கம் திரும்பியது.

"யோவ், எங்க போற? நேரா! வாசலுக்கு!"

"வாசல் வம்சம் உள்ள வண்டிக்கு, கிளிஃப்," என்றான் கோலின், திரும்பாமலே, அதே அதிராத குரலில். "நம்ம எடம் இந்தப் பக்கம்."

சிரிப்பு நின்றுவிட்டது. கார் மெல்ல உருண்டு, அழுகின முட்டைக்கோஸ் நாறும் குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. கோலின் தன் காரை அங்கே சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்தியிருந்தான். பக்கத்தில் சரியாக ஒரு காருக்கு இடம் இருந்தது. எல்லாருக்கும் முன்னாலேயே வந்து, தரையைக் கூட்டிக்கூட வைத்திருந்தான்.

கிளிஃப் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினார். எதிரில் இரண்டு க்யூ. 

"பின் சக்கரம் வெளியில நிக்குது," என்றான் கோலின். "இன்னும் ஒரு அடி தள்ளுங்க."

கிளிஃப் தள்ளினார்.